பதினோரு மீட்டர்

வரட்டுப்பள்ளம் செக்போஸ்டில்
வண்டி நம்பரை எழுதிக்கொண்டவர்
"இதுக்கு அக்கட்டால டவர் கெடையாதுங்க" என்றார்.
தெரியுமுங்க என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே.
ராத்திரி அந்தியூர் லாட்ஜில்
வைஃபை வந்து வந்து போன அரைமணி நேரத்தில்
ஒளித்துவைத்த பெட்டியின் ஆயத்தொலைவு,
துப்பு, முன்பு வந்தவர்கள் எழுதியது
எல்லாம் போனில் இறக்கியிருந்தேன்.

வரைபடத்தை இறக்கவில்லை என்பது
நாலாவது வளைவில்தான் தெரிந்தது.

சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம்.
ரோடு இல்லை, பள்ளம் இல்லை, ஊர்ப்பேர் இல்லை.
நடுவில் நீலப் புள்ளியாக நான்.
டவர் எதற்கு,
தலைக்கு மேலே சாட்டிலைட்டுகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.
நான் எங்கே என்று சொல்ல அவற்றால் முடிகிறது.
அங்கே என்ன இருக்கிறது என்பது
அவற்றின் வேலையில்லை.

கார்வேந்தன் போனைக் கையில் ஏந்தி
நாலு திசைக்கும் தீபாராதனை காட்டினான்.
ஒரு கோடுகூட எரியவில்லை.
வண்டிமேல் உட்கார்ந்து
முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான்.

அம்புக்குறி சொன்ன பக்கம் நடந்தேன்.
நாற்பது மீட்டர். இருபத்தாறு. பதினொன்று.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.
பதினோரு மீட்டர் பிழை இருக்கலாம்,
இந்த வட்டத்துக்குள் எங்கோ, அவ்வளவுதான்.
திருப்பூர் ஆபீஸில்
ஒரு பட்டன் குறைந்தால் என்னைக் கேட்கிறார்கள்.

துப்பு ஒரே வரி: தாலி கட்டாத தம்பதி.

அப்படிப் பார்த்தால் காடு முழுக்க ஜோடி.
சாய்ந்து கிடந்த ரெண்டு பாறை,
பின்னிக்கொண்ட ரெண்டு கொடி,
எங்களைப் பார்த்து நின்ற ரெண்டு குரங்கு.
எல்லாவற்றின் காலடியிலும் துழாவி
கையில் முள்ளேற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால்
பழைய மைல்கல்லும் புதிய கல்லும்
தோளுரசி நிற்கின்றன.
ஒன்றில் பர்கூர் 5. ஒன்றில் பர்கூர் 8.
ரெண்டும் பொய்யில்லை.

இடுக்கில் எவர்சில்வர் டப்பா.
உள்ளே ஒரு சாவி,
பிளாஸ்டிக் டைனோசர்,
சைக்கிள் பெல்லின் மூடி,
பாலித்தீன் பைக்குள் நோட்டு.
"கண்டுபிடித்தோம்! செம இடம்!"
"ஈரோட்டிலிருந்து மூவர். நன்றி."
அதற்கடுத்த பக்கத்தில் பென்சில்:

ஆடி 7. செம்மறெ சென மாடு காணோம். நெத்தியில சுழி.
ஆடி 9. காணோம்.
ஆடி 10. காணோம். மழெ.
ஆடி 14. காணோம்.

பெயர் இல்லை, கையெழுத்து இல்லை.
ஆடி 14க்குக் கீழே யாரோ
"சூப்பர் வியூ" என்று சிரித்த மூஞ்சி போட்டிருக்கிறார்.

இந்தக் கல்லைத் தினமும் கடக்கிற ஆள்.
எந்தச் செயலியும் இல்லாமல் டப்பாவைப் பார்த்திருக்கிறார்,
தொலைந்ததை எழுதுகிற நோட்டு
என்று நினைத்திருக்கிறார்.
அப்படி நினைப்பதற்கு வேண்டியதெல்லாம்
அதில் இருந்தது.

கார்வேந்தா, இங்க வா என்று கூப்பிட்டேன்.
முறுக்குக் கையோடு வந்து
தோளுக்கு மேலாகப் படித்தான்.
நான் பக்கத்தைத் திருப்பவில்லை.
அவன்தான் எண்ணெய் விரலால் திருப்பினான்.

ஆவணி 2. வந்திருச்சு. கூட ஒண்ணு.

அதற்குப் பிறகு என் பெயரை எங்கே எழுதுவது?
பக்கத்தின் மூலையில்
தேதியை மட்டும் போட்டேன்.
ஒரு சாம்பிள் பட்டனை உள்ளே வைத்து மூடினேன்.
போனில் "கிடைத்தது" என்பதை அழுத்தினேன்.
நிலுவையில் உள்ளது என்றது.
இருக்கட்டும்.

இறங்கும்போது ஒரு வளைவில் மாட்டுக்கூட்டம்.
சிவப்பில் வெள்ளை தெளித்த உடம்புகள்
வண்டியை உரசிக்கொண்டு போயின.
ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தேன்.
சுழியில்லாத நெற்றி ஒன்றும் இல்லை.
கடைசியாகப் போன பையன்
என்னங்கக்கா பாக்கறீங்க என்றான்.
சொல்லத் தெரியவில்லை.

அடிவாரத்தில் பைக்குள் போன் உதறிக்கொண்டது.
பதினேழு மெசேஜ், ரெண்டு லோன்,
மேனேஜரின் நாலு மிஸ்டு கால்.

செக்போஸ்ட்காரர் கம்பைத் தூக்கியபடி
"கெடச்சுதுங்களா?" என்றார்.
"கெடச்சுருச்சுங்க. கன்னோட" என்றேன்.

அவர் கேட்டது டவரை.